நீக்கியாவின் வாசல் திறந்த வருடம்

1331 ஜனவரி 14

துருக்கியர் ஊரை வளைத்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் பார்லிக் கஞ்சி. அதிலும் பாதி ஏரிக்கரைக் கீரை. கோஸ்மாஸ் மதில் காவலிலிருந்து வந்தார். ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல், "வசந்தத்துல பேரரசர் நம்மள மீட்கப் படையோட வர்றாராம்" என்றார். போன வசந்தத்திலும் இதையேதான் சொன்னார். பக்கத்து வீட்டு மரூலா காதில் விழுந்துவிட்டது. "இன்னும் குதிரைக்கு லாடம் அடிச்சு முடியலையாம் அண்ணே!"

நான் சிரித்துவிட்டேன். கட்டியவரைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது. அவர் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மகள் ஸோயி மிச்சத்தைக் குடித்தாள்.

ஜனவரி 22

துருக்கியர் ஏரிப் பக்கத்தையும் அடைத்துவிட்டார்கள். இனி மீனும் இல்லை.

பிப்ரவரி 3

நிகிதாஸ் உயிரோடு இருக்கிறான்.

என் தம்பி. பேரரசரின் படை தோற்று ஓடியபோது செத்துவிட்டான் என்றார்கள். செத்தவர்களுக்குச் செய்கிறபடி கோயிலில் அவனுக்காகக் கோதுமை அவித்துப் படைத்து, அழுதும் முடித்தாயிற்று. கோட்டை வாசலுக்கு வெளியே துருக்கியருக்காக நம் மொழியில் கூவுகிறவன் அவன்தான் என்று மரூலா வந்து சொன்னாள். மதில் மேல் ஓடினேன். துருக்கியரைப் போலத் தலைப்பாகை கட்டியிருந்தான்.

"அக்கா! வாசலைத் திறக்கச் சொல்லு. போறவங்க போகலாம், இருக்கறவங்க இருக்கலாம். யார் மேலயும் கை வைக்க மாட்டாங்க."

"பாவி, உனக்குக் கோதுமை அவிச்சுப் படைச்சுட்டேன்டா!"

"நான் இல்லாமயே தின்னுட்டீங்களா?"

மதில் மேலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். கோஸ்மாஸ் மட்டும் இல்லை.

பிப்ரவரி 12

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கிவிட்டது. எங்களுக்கு என்ன வித்தியாசம்?

கோஸ்மாஸ் நிகிதாஸ் மேல் அம்பு விட்டாராம். "பட்டுச்சா?" என்றேன். "படல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பறக்கிற புறாவை வீழ்த்துகிறவர்.

பிப்ரவரி 24

மரூலாவின் கைக்குழந்தை போய்விட்டது. அவளுக்குப் பால் வற்றிப் போயிருந்தது. அழவில்லை. "இனிமே யார் வந்தா என்ன, வராட்டி என்ன" என்றாள்.

மார்ச் 1

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். நாளை வாசல் திறக்கிறது.

"நாம ரோமர்கள். பேரரசர் மண்ணுக்கே போயிடலாம், கிளம்பு. நான் அவர் சோத்தைத் தின்னவன்" என்றார் கோஸ்மாஸ்.

"எந்தச் சோறு? எப்பப் போட்டாரு? மரூலா குழந்தை செத்தப்ப எங்க இருந்தாரு?"

கத்திவிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். ஸோயி எழுந்து நின்னாலே தலை சுத்தி விழறா, அவளைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? முடியாது. என்னால முடியாது.

மார்ச் 2

திறந்தது. யாரையும் வெட்டவில்லை. வீட்டுக்கு வந்த நிகிதாஸ் கையில் ரொட்டியும் ஆட்டுத் தொடையும். நோன்பில் கறி!

"இது என்ன மாசம்னு மறந்துட்டியா? இல்ல, சாமியையே மறந்துட்டியா?" என்றார் கோஸ்மாஸ்.

"நீங்க வருசக்கணக்கா நோன்புதானே அத்தான் இருக்கீங்க. குழந்தைக்காவது குடுங்க."

ஸோயிக்கு நானே ஊட்டினேன். பாவம் என் மேல் வரட்டும்.

"அன்னைக்கு ஏன் என்னைக் கொல்லல?" என்று நிகிதாஸ் கேட்டான்.

"காத்து அடிச்சுது" என்றார் கோஸ்மாஸ்.

மார்ச் 5

கோஸ்மாஸ் பேரரசர் மண்ணுக்குப் போய்விட்டார். கிளம்பியது நாலைந்து வண்டிதான். மீதி ஊர் நின்று வேடிக்கை பார்த்தது. ஸோயியின் தலையில் கை வைத்தார். என்னிடம், "கதவை நல்லாத் தாழ் போட்டுக்கோ, தெயோபானோ" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 31

ஈஸ்டர். பெரிய கோயிலைத் துருக்கியர் எடுத்துக்கொண்டார்கள். சின்னக் கோயிலில் நெருக்கியடித்து நின்றோம். மரூலா நின்றபடியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை.

மே 19

கோஸ்மாஸ் திரும்பி வந்திருக்கிறார். சாப்பிடும்போது அவராகச் சொன்னார். "அங்க எந்த ஊருன்னு கேட்டாங்க. நீக்கியான்னேன். வாசலைத் திறந்து விட்ட ஊரான்னு சிரிச்சாங்க. ஒருத்தனும் காவல் வேலை குடுக்கல."

பிறகு, பகல் முழுவதும் தூங்கினார்.

ஜூலை 8

சந்தையில் கோஸ்மாஸைத் தூரத்திலிருந்து பார்த்தேன். துருக்கிப் பெண் ஒருத்தியிடம் வெள்ளரிக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் மொழியில், தப்பும் தவறுமாக, விரலை மடக்கி மடக்கி. அவள் ஒரு சொல்லைத் திருத்தினாள். அவர் திருப்பிச் சொன்னார். இன்னொரு முறையும் சொன்னார். என் கண்ணில் பட்டதை அவர் அறிய வேண்டாம் என்று வேறு தெருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளரிக்காய் கசந்தது. இருவரும் தின்று முடித்தோம்.