சோனா அத்தைக்கு ஒரு நாற்காலி

காஷியாஸ் நகரம்
ஆகஸ்ட் 11

அன்பு மகள் தெனிங்குக்கு அப்பா எழுதுவது. நீயும் அம்மாவும் தம்பிகளும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம் என்று இத்தனை நாள் போனில் சொன்னதில் பாதிதான் உண்மை. எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்தே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும், இடது கையால் எழுதுகிறேன். கோழி ஆலையில் வெட்டும் இயந்திரத்தில் வலது கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது. அழாதே, புண் ஆறிவிட்டது. வீடியோவில் முகத்தை மட்டும் காட்டியதற்கு அதுதான் காரணம். போனில் சொல்லலாம் என்றால் உன் குரலைக் கேட்டதும் மறுபடி பொய்தான் வருகிறது, அதனால் ஊருக்கு வருகிற ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. இந்த ஊர் மொழி சொல்லித்தருவார்கள், தங்குவதற்கான பேப்பர் எழுதித்தருவார்கள், ஞாயிறு மதியம் மீன் சோறு உண்டு. வந்த முதல் ஒரு வருடம் நான் அந்தப் படி ஏறவில்லை. கையேந்துகிற இடம் என்று ஒரு வீம்பு, என் வீம்பைப் பற்றி உன் அம்மாவைக் கேட்டால் விடிய விடியச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டு கிடந்தபோது விஷயம் கேள்விப்பட்டு சங்கத் தலைவன் மலாங் பாஜி வந்து நின்றான். பெயரைக் கேட்டாலே தெரியுமே, ஜோலா இனத்து ஆள். வந்ததும் வராததுமாக, "யாரைக் கேட்டுடா விரலை வெட்டிக்கிட்டே? என் அடிமையோட கை எனக்குல்ல சொந்தம்" என்றான். நம் செரேர் ஆட்களுக்கும் அவர்களுக்கும் உள்ள அந்தக் கேலி உறவுதான், நீதான் என் அடிமை என்று எங்கே பார்த்தாலும் திட்டிக்கொள்ளலாம், கோபப்படக்கூடாது, கஷ்டத்தில் கைவிடவும் கூடாது. வேறு யார் உதவ வந்திருந்தாலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியிருப்பேன், இவனிடம் அது முடியுமா. சோற்றுமூட்டையே, உன் எஜமானுக்கு முதலில் தண்ணீர் கொடு என்றேன். அடிபட்ட பிறகு அன்றுதான் சிரித்தேன்.

அவன் சும்மா இருக்காமல் அதே பேச்சை நர்ஸிடம் அவர்கள் மொழியிலும் சொல்லித் தொலைத்தான். அந்த அம்மாவும் நம் நிறம்தான், முகம் கடுத்துவிட்டது. "எங்க முப்பாட்டியைச் சந்தையில வித்த நாடு இது. இங்க இந்த வார்த்தை விளையாட்டு இல்ல" என்று சொன்னாராம். மலாங் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டான். அதிலிருந்து எங்கள் சண்டையெல்லாம் நம் மொழியில், அதுவும் காதோடு காதாகத்தான்.

ஆறு வாரம் சங்கத்து ஆட்கள் முறைபோட்டு வந்தார்கள். முன்பின் தெரியாத கேமரூன்காரர் ஒருவர் தினமும் எனக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டார். ஆலையில் கத்தி இல்லாத வேலையும் பேசி வாங்கித் தந்தார்கள். இவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன்.

இனி உன் கல்யாணம். பேப்பர் வராமல் கிளம்பினால் என்னைத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அப்பா நாற்காலி காலியாகக் கிடக்கிற கல்யாணம் வேண்டாம், தள்ளிவைக்கிறேன் என்று நீ சொன்னதைச் சங்கத்தில் சொல்லும்போது அழுதுவிட்டேன். மலாங் கேட்டுவிட்டு, "அடிமை வீட்டுக் கல்யாணத்துல எஜமானுக்கு இடமில்லாமலா? எங்க அக்கா சோனா வந்து உக்காருவா" என்றான். அங்கேயே ஜிகன்ஷோர் ஊரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டான். நான் வாயெடுப்பதற்குள் சோனா, சோறு குறைந்தால் மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்றாள்.

அதனால் தேதியை மாற்றாதே. சோனா அத்தை வந்து உன்னை அடிமை என்பாள், பானை மூடியைத் திறந்து பார்ப்பாள், எல்லாவற்றுக்கும் குறை சொல்வாள். நீயும் விடாதே, பதிலுக்குத் திட்டு. அம்மாவிடம் அரிசியை அதிகமாகவே வாங்கச் சொல். இந்த மழையில் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும்படி தம்பிகளிடமும் சொல். ஆண்டவன் உன் வீட்டை நிறைத்து வைப்பான். என் நாற்காலியைத் துடைத்து அவளுக்குப் போடு. அவள் உன் தலையில் இரண்டு கையையும் வைக்கும்போது பத்து விரலும் இருக்கும், அதுதான் அப்பாவின் கை.

இப்படிக்கு உன் அப்பா,
லாதிர் சேன்