பல் பிடுங்கவில்லை, பாப்பா

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நலம். நலம் என்று நான் எழுதினால் இனி நீ நம்புவாயா தெரியவில்லை, ஆனாலும் இந்த முறை அது உண்மை. உனக்கு அங்கே குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அறிய ஆவல்.

நேற்று நீ போனில் அழுததை அம்மா ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். பல் பிடுங்கினேன் என்ற பொய்யைப் போயும் போயும் பல் டாக்டருக்குப் படிக்கிற உன்னிடமே சொன்னேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தையல் ஆறிவிட்டதா பார்க்கிறேன் என்று என் வாய்க்குள் போன் வெளிச்சத்தை அடித்த உன் அம்மா, படமும் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டாள். பல்லெல்லாம் வரிசையாக இருக்க, கன்னத்துக்கு உள்ளே ஒரு பட்டைத் தோலைக் காணோம் என்றால் நீ வேறு என்னதான் நினைப்பாய். அப்பாவுக்குப் புற்றுநோய், எல்லாரும் சேர்ந்து மறைக்கிறீங்க, பரீட்சையாவது ஒண்ணாவது, நான் கிளம்பி வரேன் என்று நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வராதே பாப்பா. புற்றுநோய் இல்லை, உன் மேல் சத்தியம். என்ன என்று சொல்லத்தான் காலையிலிருந்து தாளைக் கிழித்துக் கிழித்து எழுதுகிறேன், முடித்ததும் நானே படம் எடுத்துப் போனில் அனுப்பிவிடுகிறேன். நான் பஸ்ஸின் பின் ஏணியில் ஏறிச் சுமை இறக்கும்போது கால் வழுக்கிக் கம்பியில் விழுந்தேனே, நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், நினைவிருக்கிறதா? விழுந்தது இரண்டு காலுக்கும் நடுவில். அந்தக் காயம் ஆறினாலும் உள்ளே சிறுநீர் போகிற குழாய் வருஷத்துக்கு வருஷம் சுருங்கி, கடைசியில் சொட்டுச் சொட்டாகத்தான் போயிற்று. நான் கழிப்பறையில் நின்றுகொண்டே இருப்பேன், வெளியே டிரைவர் ஹாரனை அடித்துத் தீர்ப்பார், பஸ்ஸில் இருக்கிறவர்கள் கண்டக்டர் தூங்கிட்டாரா என்று சிரிப்பார்கள். முழுசாக அடைத்துக்கொண்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னத்து உள்தோல் எப்போதும் ஈரத்திலேயே இருந்து பழகியது, அதனால் அந்த இடத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொல்லி, அதிலிருந்து ஒரு பட்டை எடுத்து அங்கே ஒட்டுப்போட்டுத் தைத்தார். அவ்வளவுதான் விஷயம்.

இதை மகளிடம் எந்த வாயால் சொல்வது? டிப்போவிலும் பல் என்றுதான் சொல்லியிருக்கிறேன். காலில் கட்டியிருக்கும் சிறுநீர்ப் பையைத் துண்டால் மூடிக்கொண்டுதான் வருகிறவர்களைப் பார்க்கிறேன். என் கூச்சத்தைப் பார்த்து அம்மா, குழந்தையில அவ ஈரத்துணியை ராப்பகலா மாத்தினது நீங்கதானே, அப்ப அவ வெக்கப்பட்டாளா என்று கேட்டாள். வெட்கம் என்னுடையது, அழுதது நீ. அதனால்தான் கூச்சத்தை விட்டு எழுத உட்கார்ந்தேன்.

வலி குறைந்துவிட்டது. கன்னம் மரத்துக் கிடக்கிறது, காரம் பட்டால் உயிர் போகிறது, ஆறிய பாலும் மசித்த உருளைக்கிழங்கும்தான் ஆகாரம், இந்த வயதில் ஐஸ்கிரீம் வேறு. விசில் ஊதிப் பார்த்தேன், காற்று ஒரு பக்கமாகப் போய்விட்டது, அம்மா சிரித்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இரண்டு விரலுக்கு மேல் எனக்கு வாய் திறக்கவில்லை. திறந்து மூடிப் பழகுங்க, இல்லேன்னா இறுகிப்போயிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். உள்ளே இழுக்கிறதே என்று பயந்து செய்யாமல் விட்டேன், செய்கிறேன் என்று அவரிடம் தலையும் ஆட்டிவிட்டேன். உண்மையைச் சொல்ல இப்போது அங்கே போகவும் கூச்சமாக இருக்கிறது. இது உன் பாடம்தானே? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. நானே வெளிச்சம் அடித்துக் காட்டுகிறேன், நன்றாகப் பார்த்துச் சொல். திட்ட வேண்டும் என்றாலும் திட்டிக்கொள். டாக்டரிடம் போ என்றால் மறுநாளே போகிறேன். கீழே எப்படி இருக்கிறது என்பதை மட்டும் அம்மாவிடம் கேட்டுக்கொள்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்ய மறக்காதே, பரீட்சையை நல்லபடியாக எழுது.

ஆசியுடன்,
இனி உன்னிடம் வாய் திறக்கப்போகும்
அப்பா