மாமரத்தை விட்டு இறங்கிய சைகோன் கொடி

இன்று காலை சங்கரா மீனைக் கழுவிய மருமகள், அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அதக் கொடிக்கு ஊத்தணும்னு தெரியாதா?" என்று கத்தினேன். "அத்த போனாலும் அவங்க சட்டம் போகல" என்று அவள் சிரித்தாள். முற்றம் முழுக்க மீன் வாடை. அந்த வாடைக்காக நான் உன்னைத் திட்டாத நாள் உண்டா? இன்று அதை மோந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறேன். போதுமா உனக்கு?

கல்யாணமான புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து நம் பாகூர் வீட்டுக்கு நீ கொண்டுவந்த சீரில் எனக்கு நினைவிருப்பது ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு முழக் கொடிதான். உன் அம்மா சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஆர்க்கிட். இலை பென்சில் போல உருண்டையாக இருக்கும். கணுவுக்குக் கணு வெள்ளை வேர் காற்றில் தொங்கும். சின்ன வயதில் அதில் பூ பார்த்த ஞாபகம் உனக்கு உண்டு. எப்படிப் பூக்கவைத்தார்கள் என்று தெரியாது. அம்மாவும் போய், வீடும் கைமாறிய பிறகு, அவர் வளர்த்ததில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான். இதைச் சொல்லும்போது நீ அழவில்லை.

கொல்லை மாமரத்தில் தேங்காய் மட்டை வைத்துக் கட்டினாய். கொடி மளமளவென்று ஏறியது, பூ மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வருஷம் மா காய்க்கவில்லை. என் அப்பா அண்ணாந்து பார்த்தார். பட்டையைக் கவ்வியிருந்த வேர்கள் கண்ணில் பட்டன.

"இன்னாம்மா இது, புல்லுருவிய ஏத்தி வுட்டிருக்க? மரத்த உறிஞ்சிப்புடும்."

"இல்ல மாமா. மரத்தப் புடிச்சினு நிக்கும், அவ்ளோதான். ஒன்னும் எடுக்காது."

"யார வேணா கேளு. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி வந்து அறுத்துடறேன்."

கேட்டவர்களெல்லாம் புல்லுருவி என்றே சொன்னார்கள். மரத்தில் ஒட்டி வாழ்வதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான். நான் பரிந்து பேசப்போய், "பொண்டாட்டிக்கு வக்கீலா நீ?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீயோ சனிக்கிழமையே ஏணி வைத்து, வேர் வேராகப் பிரித்து இறக்கினாய். வேறு நிழல் மரம் நமக்கு ஏது? வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் நின்ற பனங்கம்பத்தில் கட்டினாய்.

"கருகிடும்டி" என்றேன்.

"கருகினா கருகட்டும். அறுபடாம இருந்தா போதும்." அன்று நீ சாப்பிடவில்லை.

இலைகள் மஞ்சளித்தன. மீன் கழுவிய தண்ணீரை நீ ஊற்ற ஆரம்பித்தது அப்போதுதான். மெல்லத் தேறி, கம்பத்தின் உச்சியைத் தாண்டி வெயிலில் தலை நீட்டியதும் மொட்டு விட்டது. ரோஜா நிற இதழ், நடுவில் மஞ்சள். அதற்கு இத்தனை நாளும் குறைந்தது வெயில்தான் என்று அப்போதுதான் நமக்குப் புரிந்தது. அப்பாவோ, "நான் எறக்கச் சொன்னதாலதான் பூத்துது" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார்.

நம் வீட்டில் முதல் கதிரோ முதல் கரும்போ, மாதாவுக்குப் போய்த்தான் மற்றவர்க்கு. பூவும் அப்படித்தானே? அப்பா அரிவாளோடு கொல்லைக்கு வந்தார். நீ கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாய். அவர் உன்னைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், திரும்பி உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் அரிவாள் இல்லை. வீட்டு மாடத்திலிருந்த மாதா சுரூபத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து, கம்பத்தடியில் முக்காலி போட்டு வைத்தார்.

"பூவ எதுக்கு அறுக்கணும்? மாதாவே வந்து பாத்துக்கினு போவட்டும்."

நீ அழுதாய். புகுந்த வீட்டில் நீ அழுது நான் பார்த்தது அன்றுதான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெயில்ல நிக்காதீங்க அப்பா, உள்ள வாங்க" என்றாய். அவர் காதில் விழாததுபோல் மாதாவை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் கண்மூடும்வரை நீ அவரை மாமா என்று கூப்பிடவில்லை. உன் குரலை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்த 'அப்பா'தான். என்னைக் கூப்பிட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது.