கால் மாற்றி நட

மார்ச் 2
இன்று யாரையும் எழுத்துக் கேட்காமல் ஒரு முழு வரி எழுதினேன்: அத்தான் ட்ரம்பெட் வாசிப்பார். எழுதிவிட்டு அறைக்குள் சும்மாவே நடந்தேன். அவ்வளவு சந்தோஷம். இந்த வயதில் பேனா பிடித்து யாருக்குடா உத்தரவு போடப் போகிறாய் என்று அக்கா கேட்டாள். உன் புருஷனுக்குத்தான் என்றேன். கட்டிலில் கிடந்த அத்தான் சிரித்தார். இருமல் வந்துவிட்டது.

மார்ச் 5
அத்தான் போய்விட்டார்.

மார்ச் 6
அக்கா மகன் சவப்பெட்டியைத் தூக்க வர மாட்டானாம். அக்கா போனை வைத்துவிட்டு, துடைத்த அடுப்பையே துடைக்கிறாள்.

சின்ன வயதில் அவன் சாப்பாட்டு மேசையில் ஸ்பூனால் தட்டினான். டக், டக், டக் — ஒரே சீராக. அத்தான் தட்டைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தார். முன்பல் மேசையில் விழுந்தது. சட்டையெல்லாம் ரத்தம். தினமும் அவனுக்குத் தலை வாரி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு அனுப்புகிற மனுஷன்! அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்லாதே என்றிருந்தார். இனியும் சொல்லாமல் இருப்பதா?

மார்ச் 7
மருமகனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அத்தானும் நானும் பட்டாளத்து பேண்டில் இருந்தோம். சண்டை வந்தால் பேண்டுக்காரர்கள் வாத்தியத்தை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும். (ஸ்ட்ரெச்சர்! எழுதியே விட்டேன்.) தூக்குகிற இருவரும் கால் மாற்றி நடக்க வேண்டும்; ஒருவர் இடது வைத்தால் மற்றவர் வலது. ஒரே காலாக வைத்தால் ஸ்ட்ரெச்சர் குதிக்கும். எங்களுக்கோ அணிவகுப்பில் சேர்ந்து கால் வைத்தே பழக்கம்.

குண்டு விழுந்து சமையல்காரனின் தொடை பிய்ந்து தொங்கியது. அத்தான் முன்னால், குழல்காரன் பின்னால், நான் மருந்துப் பைகளோடு பக்கத்தில். இடது, வலது. ஒவ்வோர் அடிக்கும் உடைந்த எலும்பு சதையைக் குத்தியது. ஒவ்வோர் அடிக்கும் அலறினான், தாளம் தப்பாமல். "கால மாத்துங்கடா" என்று கெஞ்சினான். மாற்றினார்கள். அடுத்த குண்டு விழுந்ததும் பயத்தில் கால்கள் மறுபடி சேர்ந்துகொண்டன. அலறல் நின்றது. கால்கள் நிற்கவில்லை. இறக்கியபோது அத்தானின் முதுகெல்லாம் அவன் ரத்தம்.

அதற்குப் பிறகு அத்தான் உட்கார்ந்துதான் வாசித்தார். வீட்டில் கட்டிலை நகர்த்தினாலும் அக்காவிடம், கால் மாற்று, கால் மாற்று என்பார்.

மருமகன் எல்லாவற்றையும் கேட்டான். "அதுக்கு நான் என்ன மாமா பண்ணேன்?" என்றான்.

அவன் கேட்டது சரிதானே.

மார்ச் 8
வந்தான்! பெட்டியின் முன்பக்கம் தோள் கொடுத்தான். மற்றவர்கள் பழைய பேண்டுக்காரர்கள். நான் அவனுக்குப் பின்னால். தெருவுக்கு வந்ததும் எங்கள் கால்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. இடது, வலது. பெட்டி குதித்தது. உள்ளே அத்தான் பலகையில் இடிக்கிற சத்தம். டக், டக், டக்.

மருமகன் திரும்பவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்:

"கால மாத்துங்க மாமா. அப்பாவுக்கு வலிக்கும்."