தண்ணீர்த் தொட்டி மேல் நட்ட கம்பம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். எனக்கு மாடிப்படியைக் கண்டால்தான் முழங்கால் முறுக்கிக்கொள்கிறது, மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். போன மாதம் போனில், அம்மா வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கிறாங்க, ஒரு டிஷ்ஷாவது போட்டுக் கொடுங்கப்பா என்றாய் அல்லவா, போட்டாயிற்று, படம் கண்ணாடி மாதிரி வருகிறது. அதைப் போட்ட கதையை உன் தம்பி ஒரு மாதிரி சொல்லியிருப்பான், உன் அம்மா வேறு மாதிரி சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே சொல்.

மெக்கானிக் முதலில் இடம் பார்க்க வந்தார். தென்கிழக்கு வானம் மறைப்பில்லாமல் தெரிய வேண்டுமாம், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக எழுப்பிய மாடி நம் மொட்டை மாடியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதற்கு மேலே தலை நீட்டுவது படிக்கட்டு அறையின் மேல் இருக்கும் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அதன் மேல் ஒரு கம்பம் நட்டு வையுங்கள், இம்மி சாய்ந்தாலும் சிக்னல் கிடைக்காது, சனிக்கிழமை வந்து டிஷ்ஷை மாட்டுகிறேன், கம்பத்தையும் நானே நட வேண்டுமென்றால் பத்து நாள் பொறுக்க வேண்டும் என்றார். வீட்டிலேயே ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துக்கொண்டு பத்து நாள் எதற்குப் பொறுப்பது, நாங்களே நட்டு வைக்கிறோம் என்று அனுப்பிவிட்டேன். முப்பது வருடம் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவனுக்கு சாமான் எடுத்து வைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திசைகாட்டியை வைத்து நானே கோணம் பார்த்தேன். உன் தம்பி நாலு வருடமாகத் தொடாத அவன் பையை இறக்கி, துருவைத் துடைத்து எண்ணெய் போட்டு, ட்ரில் மெஷின், ஆங்கர் போல்ட் நாலு, ஸ்பானர், ரசமட்டம் என்று எது முதலில் வேண்டுமோ அந்த வரிசையில் செய்தித்தாளில் பரப்பி வைத்தேன். அவனுடைய இடுப்பு பெல்ட்டும் பையில் இருந்தது, அதை மட்டும் நான் எடுக்கவில்லை. பெல்ட் போட்டுக்கொண்டால் பயம் எப்படித் தெளியும்.

மின்கம்பத்திலிருந்து விழுந்து இடுப்பில் தகடு வைத்ததிலிருந்து அவன் ஸ்டூல் மேல் ஏறி ஒரு பல்பு கூட மாட்டியதில்லை, மருமகள்தான் மாட்டுகிறாள், மிக்ஸி ரிப்பேர் கடையில் தரையோடு தரையாக உட்கார்ந்து காலத்தை ஓட்டுகிறான், இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். வியாழக்கிழமை காலை, எனக்குக் கை நடுங்கும்ப்பா, பத்து நாள்தானே, அவரே பண்ணட்டும் என்றான். நீ உன் பொண்டாட்டி சேலையைக் கட்டிக்கிட்டு அடுப்படியில உட்காரு, அவ ஏறட்டும் என்றேன். மருமகளும் பேத்தியும் பக்கத்தில்தான் நின்றார்கள். ஒரு தடவை பேத்தியைப் பார்த்தான், மொட்டை மாடியிலிருந்து தொட்டிக்குச் சாய்த்திருந்த ஏணியில் ஏறிவிட்டான். வாளியில் கயிறு கட்டி சாமான்களை அனுப்பினேன். ஒரு ஓட்டை போட்டான், அதோடு தவழ்ந்து விளிம்புக்கு வந்து காலால் ஏணியைத் துழாவினான். நான் ஏணியை எடுத்துக் கீழே படுக்க வைத்துவிட்டு, நாலு போல்ட்டும் இறுகின பிறகு ஏணி வரும் என்றேன். உன் அம்மா மேலே வந்து ஏணியை எடுக்கப் பார்த்தாள், நான் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நல்ல வெயில். ஒரு தடவை வாந்தி எடுத்தான். தொட்டிச் சுவரில் தண்ணீர் வழிவதைப் பார்த்து, தொட்டி ஒழுகுதாடா என்று கேட்டேன், பிறகுதான் அவன் பேண்ட்டைப் பார்த்தேன், சிரித்துவிட்டேன். மறைக்காமல் எழுதுகிறேன், சிரித்தேன். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பேத்தி மட்டும் என் சட்டையைப் பிடித்து, எந்திரிங்க தாத்தா, எந்திரிங்க தாத்தா என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் மேலேயிருந்து, இறுகியாச்சு என்று ஒரு குரல் வந்தது, ஏணியை வைத்தேன். இறங்கி வந்தவன் ஒவ்வொரு சாமானையும் துடைத்து நான் வைத்திருந்த அதே வரிசையில் செய்தித்தாளில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். மறுநாள் மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைக்குக் குடி போய்விட்டான்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்து கம்பத்தில் ரசமட்டத்தை வைத்தார், குமிழி அப்படியே நடுவில் நின்றது. யாரு சார் நட்டது, என் ஆளுங்களே இப்படி நட மாட்டாங்க, அவரை என்கிட்ட வேலைக்கு அனுப்புவீங்களா என்றார். என் மகன் என்றேன். யாரிடமும் நான் அப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதில்லை. அதை அவன் காதிலேயே போட வேண்டும் என்று முழங்கால் வலியோடு கடை வரைக்கும் நடந்தேன். ஒரு மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும் வரை தலையைத் தூக்கவில்லை, முடித்ததும், சரிங்க சார், ரிப்பேருக்கு ஏதாவது கொண்டு வந்திருக்கீங்களா என்றான். கூட வேலை செய்கிறவர் எனக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டார். உட்காராமல் வந்துவிட்டேன்.

நான் செய்ததில் என்ன தப்பு என்று நீ எழுது. ஏறியவன் விழவில்லை, வேலை சுத்தமாக முடிந்தது, இனி எங்கே வேண்டுமானாலும் ஏறுவான். உன் அம்மா அந்த டிவியை ஒரு தடவை கூடப் போட்டுப் பார்க்கவில்லை, திங்கட்கிழமை மாற்றுச் சேலை நாலு எடுத்துக்கொண்டு அவர்களோடு இருக்கப் போய்விட்டாள். அதனால் இந்தக் கடிதத்தில் என் ஆசி மட்டும்தான் வருகிறது, அவளுடையதை அவள் தனியாக எழுதுவாள். நீங்கள் எல்லோரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். பிள்ளைகளை வெயிலில் விளையாட விடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் உடனே வைத்துவிடாதே, மணி கொஞ்சம் நீளமாகவே அடிக்கட்டும், நான் எழுந்து வர நேரமாகும், எடுக்க வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா