சமநீர்க் கரை உடைந்த பின் தங்கைக்கு விடுத்த ஓலை

நீர் வாழ்க, நீரைப் பகிர்ந்துண்ணும் குடிகள் வாழ்க. மேற்கே குடக்கேரி நாட்டின் காவலனும், துலாக்கோல் இலச்சினை தாங்கியவனும், சமநீர்க் கரையின் மேல்புறக் கதவுக்கு உரியவனுமாகிய கோச்சேந்தன், கிழக்கே குணக்கேரி நாட்டின் அரசியாரும், மறைந்த மன்னர் வில்லவராயரின் தேவியாரும், எம்முடன் பிறந்தவருமாகிய செங்கோதையாருக்கு எழுதி விடுக்கும் ஓலை.

பெறுவோர் நாட்டின் நலம் கேட்டுத் தொடங்குவது ஓலை மரபு. அந்த நலத்தைக் கெடுத்தவனே அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மூன்று ஏடுகளைக் கிழித்தெறிந்தேன். யாம் என்று பெருமை பேசி எழுதவும் மனம் வரவில்லை. ஆகவே, தங்காய், உன் அண்ணனாகவே எழுதுகிறேன்.

நம் இரு ஏரிகளுக்கும் நடுவே கிடக்கும் ஒற்றை மண்கரையையும், அதன் நடுவில் உள்ள இரு கதவு மதகையும் நீ அறிவாய். தை மூன்றாம் நாள் இரு நாட்டு மன்னரும் கரையேறித் தத்தம் கதவைத் தூக்குவதும், இருபுறத்து நீரும் கற்குறியில் ஒரே அளவுக்கு வரும்வரை ஏழு நாள் திறந்து வைப்பதும் நம் பாட்டனார் காலத்து வழக்கம். இவ்வாண்டு உங்கள் ஏரி பாதி வற்றிக் கிடந்தது. எங்கள் ஏரி தளும்பி நின்றது. உன் கணவர் தம் கதவைத் தூக்கினார். நான் தூக்கவில்லை.

ஏன் தூக்கவில்லை என்று நீ கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அமைச்சர் காரியார், நிறைந்த ஏரியும் நிறைந்த களஞ்சியமும் அசையாமல் இருப்பதே நாட்டின் சமநிலை, அதைக் கை வைத்துக் கலைக்கலாகாது என்றார். அது என் காதுக்கு இனிமையாக இருந்தது. இலச்சினையில் துலாக்கோலைப் பொறித்து வைத்திருக்கும் எனக்கு, ஒரு தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு கோல் நேராக நிற்கிறது என்று சொல்கிறோமே என்று தோன்றவில்லை.

முதலில் சந்தையில் தெரிந்தது. உங்கள் உப்பும் எங்கள் நெல்லும் படிக்குப் படி மாறிய இடத்தில், வறட்சியால் வாடி வந்த உன் குடிகள் ஒரு படி நெல்லுக்கு மூன்று படி உப்பு கொடுத்தார்கள். எங்கள் ஊரார் வாயெல்லாம் பல்லாக வீடு திரும்பினார்கள். ஒரு திங்கள் கழித்துக் குடிநீரின்றி உப்பளத்தார் கடலோரமாகத் தெற்கே போய்விட்டனர். பிறகு மூன்று படி நெல் கொடுத்தாலும் ஒரு பிடி உப்பு கிடைக்கவில்லை. கரைக் கூத்திலும் அப்படியே. தலைவன் வேடம் எங்கள் பக்கம், தலைவி வேடம் உங்கள் பக்கம் என்பது முறையல்லவா? இவ்வாண்டு எங்கள் தலைவன் வெறும் கரையைப் பார்த்துப் பாடிவிட்டுப் பாதியில் இறங்கிவிட்டான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மாசியில் நீ எழுதிய ஓலை என் முன் இருக்கிறது. "அண்ணா, பிள்ளைங்க சேத்துத் தண்ணி குடிக்குதுங்க. உங்க கதவை ஒரு சாணாவது தூக்குங்க" என்று, அரசியின் நடையை விட்டுவிட்டு, நம் வீட்டுப் பேச்சில் எழுதியிருந்தாய். மறுமொழி எழுத நாள் பார்த்தேன். பிறகு மேற்கே மழை கொட்டி எங்கள் ஏரி இன்னும் உயர்ந்தது. கரைக் காவலாள் சாத்தி ஓடி வந்து, இக்கரை ஒரு பக்க நீரைத் தாங்கக் கட்டியதன்று, இருபுறமும் நீர் முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும், கீழ்ப்புறத்தில் ஈரம் கசிகிறது என்று முறையிட்டாள். அவையில் குரலை உயர்த்தியதற்காக அவளை வெளியே அனுப்பினேன்.

அவள் நேரே உன் கணவரிடம் போயிருக்கிறாள். நான் கேளாததை அவர் கேட்டார். பங்குனி ஆறாம் நாள் காலையில் அவரே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்பது பேருடன் வைக்கோற் பிரியும் களிமண்ணும் சுமந்து, என் நீரைத் தாங்க முடியாத கரைக்குத் தம் பக்கத்திலிருந்து முட்டு வைத்துக்கொண்டிருந்தார். பிளவு பெரிதாவதைக் கண்டு சாத்தி கத்தியபோது, மற்றவர்களை மேலே ஏறச் சொல்லிவிட்டு அவர் கடைசியில் நின்றார் என்று உயிர் தப்பியவர்கள் சொல்கிறார்கள். அவரையும் பதினொரு பேரையும் என் ஏரி கொண்டுபோயிற்று.

நேற்றுக் கற்குறியைப் பார்க்கப் போனேன். நீர் இருபுறமும் ஒரே அளவில், விரற்கடை பிசகாமல் நிற்கிறது. மதகு ஏழு நாளில் அமைதியாகச் செய்யும் வேலையை வெள்ளம் ஒரு பகலில் செய்து முடித்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அரண்மனை மருத்துவர் கை பிடித்துப் பார்த்து, வாதம், பித்தம், ஐயம் மூன்றும் தத்தம் அளவில் ஓடுகின்றன, உடலில் குறை ஒன்றுமில்லை என்றார். இத்தனைக்குப் பின்னும் அவை அப்படி ஓடுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வரும் வெள்ளி பதினாறாம் நாள். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை உடன்பிறந்தவன் தன் கையால் இடவேண்டும் என்பது இரு நாட்டுக்கும் பொது வழக்கம். உன் மணநாளில் கூறைப் புடவை கொண்டு வந்த அதே கைதான் இதையும் கொண்டு வரவேண்டும். வேறு உடன்பிறந்தவன் உனக்கில்லை. நான் வரலாமா என்று கேட்கவே இவ்வோலை.

என் நாட்டுக்கு நான் இட்ட ஆணையையும் அறிக. கரையை மீண்டும் கட்டும்போது மதகில் மேல்புறக் கதவு வைக்கலாகாது. உங்கள் கதவு ஒன்றே போதும், அதைத் தூக்குவதும் இறக்குவதும் உன் விருப்பம். இவ்வாணை எனக்குப் பின் வருவோரையும் கட்டும். துலாக்கோல் இலச்சினையை இவ்வோலையில் பதிக்க எனக்குத் தகுதியில்லை. உடைந்த கரையின் மண்ணைக் குழைத்து ஒட்டி, என் பெருவிரலைப் பதித்திருக்கிறேன்.

ஓலை கொண்டு வருபவள் சாத்தி. அவளை உள்ளே அழைத்து, உன் கணவரின் கடைசிச் சொற்களை அவள் வாயால் கேள். நான் குடையும் பரிவாரமும் இன்றி, கோடியுடன் உன் கோட்டை வாசலில் நிற்பேன். உன் மக்கள் தண்ணீர் கேட்டு நின்றபோது அறுபது நாள் என் கதவைத் திறக்காதவன் நான். நீ எத்தனை நாள் திறக்காவிட்டாலும், தங்காய், அங்கேயே நிற்பேன்.