எங்கள் ஊர் ஈரத்தை ஒப்புக்கொண்ட நாள்

என் கண்ணே அபயம்,

நீ போன இடத்தில் மழை உண்டா? இதைத்தான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. இங்கே கர்க்கடகம், உங்கள் ஊர் ஆடி, பிறந்ததிலிருந்து விடாமல் பெய்கிறது. கரமனை ஆற்றில் படித்துறை தெரியவில்லை. நீ போன பிறகு இது இரண்டாவது கர்க்கடகம்.

உனக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்தால் உன் ஆம்படையான் பயந்துவிடுவான். அவன் ஆபீசுக்குப் போன பிறகுதான் உட்கார்ந்தேன். அஞ்சாம் கிளாஸோடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். இதை வேறு யார் படித்தாலும் படிக்கட்டும். இந்தத் தெருவுக்கும் தெரியவேண்டிய சங்கதிதான் இது.

மாயவரத்திலிருந்து நீ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் சித்திரையில் கொல்லையில் பாய் விரித்து வடாம் பிழிந்தாய். நல்ல வெயில்தான். மத்தியானம் திடீரென்று இடித்துக்கொண்டு கொட்டியது. பாயோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்து, தலை சொட்டச் சொட்ட நின்றாய்.

"என்ன ஊர் அம்மா இது! ஒரு வடாம் காய விடமாட்டேங்கறதே. எங்க மாயவரத்துல ஒரு வெயில் போறும்."

"உங்க மாயவரத்துல வடாம் மாத்திரமா காயும்? மனுஷாளுமில்லையா வத்தலாக் காயறா! இது பத்மநாபஸ்வாமி பள்ளிகொண்ட ஊராக்கும். அவருக்கே குளிர்ச்சிதான் இஷ்டம்."

"அதான் படுத்தவர் எழுந்திருக்கவே மாட்டேங்கறார். எழுந்தா வஸ்திரம் ஈரம்னு தெரிஞ்சுடும்."

அபசாரம், அபசாரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்தேன். அது உனக்குத் தெரியாது.

அப்புறம் வருஷா வருஷம் அதே பேச்சுத்தான். அப்பளம் பொரித்த நிமிஷமே நமுத்துப்போகிறது, உப்பு ஜாடியில் நீர் விடுகிறது, தீப்பெட்டி பத்தமாட்டேன் என்கிறது, பட்டுப்புடவையில் பூசணம். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. நான் பிறந்ததும் இந்தத் தெரு, வாழ்க்கைப்பட்டதும் இந்தத் தெரு. இந்த ஊரைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி.

தெருவே அப்படித்தான் இருந்தது, உனக்கு நினைவிருக்குமே. நம் சமஸ்தானத்தைக் கொச்சியோடு சேர்த்து, கோர்ட்டையும் எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோன பிறகு எல்லோருக்கும் ரோஷம் மூக்குநுனியில் வந்துவிட்டது. கன்யாகுமரி பக்கத்து மூலையில் ஒரு தலைநகரமா என்று யாராவது வெளியூர்க்காரன் வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும். எதிர்வீட்டுச் சாம்பு அண்ணா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். வாட்டர் ஒர்க்ஸில் இருந்து பென்ஷன் வாங்கினவர் இல்லையா, குழாயில் ஆரம்பித்து மிருகக்காட்சிசாலைப் புலிவரை சொல்லித்தான் ஓய்வார்.

அந்தக் கர்க்கடக மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மனசோடுதான் பார்த்தார். கடைசி இரண்டு நாளும் நீ ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாய். "அம்மா, வெயில் வந்துடுத்தா?" "நாளைக்கு வந்துடும்டி" என்று சொன்னேன். நீ போய்ப் பத்து நாள் கழித்துத்தான் வெயில் வந்தது. முற்றத்தில் விழுந்த அந்த வெயிலைப் பார்க்கப் பிடிக்காமல் கதவைச் சாத்தினேன்.

போன வருஷம் உன் வருஷாப்திகத்துக்கு, முதல் திவசத்துக்கு, உன் அப்பா வந்தார். அன்றைக்கு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லவேண்டும்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை. நான் உள்கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உன் அப்பா எழுந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். அப்படியே எடுத்து எல்லோருக்கும் காட்டினார். கை முழுக்க ஈரம்.

"பாருங்கோ. இந்தச் சுவருக்குள்ளதான் என் பொண்ணு பன்னண்டு வருஷம் இருந்திருக்கா. உங்க ஊர் மழைதான் அவளைக் கொண்டுபோச்சு. குழந்தையையாவது நான் கூட்டிண்டு போறேன்."

பத்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து வயசு. உன்னுடையது என்று இந்த வீட்டில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

சாம்பு அண்ணா தொண்டையைக் கனைத்தார். "எங்க ஊர் மழையைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாதாக்கும். பெஞ்சு அரைமணியில ரோட்டுல செருப்பு நனையாம நடக்கலாம், கேட்டேளா? குழாயைத் திருப்பினா ஒண்ணாந்தரம் குடிக்கற வெள்ளம். உங்க ஊர்ல இப்பவும் காவேரிக்குக் குடம் தூக்கிண்டு போறாளோ இல்லியோ?"

"காவேரியைச் சொல்லாதேயும் ஓய்!"

"நீர் அனந்தபுரியைச் சொல்லலாம், நாங்க காவேரியைச் சொல்லப்பிடாதோ?"

நாலு பேர் சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எலெக்ட்ரிக் விளக்கு என்று ஆளுக்கொன்று எடுத்து வைத்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். நம் பக்கம் ஜெயிக்கிறது, குழந்தை நம்மோடுதான் என்று மனசு சொல்லிற்று.

அப்போதுதான் சாம்பு அண்ணா அதைச் சொன்னார். "கோவிச்சுக்கப்பிடாது. இதே மழையிலதான் நாங்க அத்தனை பேரும் ஜீவிக்கறோம். ஒருத்திக்கு மாத்திரம் ஒத்துக்கலைன்னா அது ஊர்க் குத்தமா? வரச்சேயே பலமில்லாத தேகமாக்கும் அது. அதை மறைச்சுக் கொடுத்தவா இப்போ எங்க சுவரைத் தொட்டுப் பார்க்கறா."

கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். உன் ஆம்படையான் குனிந்தே இருந்தான். உன் அப்பா அந்த ஈரக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் அந்த நிமிஷம் சும்மா இருந்திருந்தால் போதும். பத்மா இன்றைக்கு இந்தக் கூடத்தில் படித்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் நீ என் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது, அபயம். ஈரத் துணி வாசனை வந்தது. உன்னை ஒரு நோஞ்சான் என்று தெருவே சேர்ந்து சொல்கிறது, ஊர் பிழைத்துக்கொள்வதற்காக. இந்த வீட்டுக்கு அத்தனை மாவும் இடித்தவள் நீ. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட வருஷம் என்னைக் குழந்தை மாதிரி தூக்கிக் குளிப்பாட்டினவள் நீ.

"சாம்பண்ணா, போறும்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அவளுக்கு ஒரு தலைவலின்னு நான் கேட்டதில்லை. பலம் இல்லாதவ இல்லை அவ. இந்த ஊர் ஈரம்தான். மழைக்காலத்துல படுக்கை காயறதில்லை, துணி காயறதில்லை. அவ தினம் சொன்னா. அவ சொன்னது வாஸ்தவம்."

என் வாயால் அதைச் சொல்லி நானே கேட்டது அன்றைக்குத்தான்.

உன் அப்பா மெதுவாகச் சொன்னார். "சம்பந்தியம்மா, நீங்களே சொல்லிட்டேளே. அப்போ குழந்தையை எப்படி இங்கே விட்டுட்டுப் போவேன்?"

என் பேச்சு, என் கையையே கட்டிப்போட்டது. மறுநாள் தம்பானூரில் ரயிலேற்றினோம். பத்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எப்போ பாட்டி வருவே?" என்றாள். மழையில் எனக்குக் காது கேட்காத மாதிரி நின்றேன்.

அப்புறம் சாம்பு அண்ணா நம் வாசலை மிதிக்கவில்லை. அவர் ஆம்படையாள் மட்டும் கொல்லை வழியாக வந்தாள். "மாமி, எங்காத்துச் சுவரும் அப்படித்தான். ராத்திரி எழுந்தா தரை வழுக்கறது. ஆனா அதை வெளியாள் முன்னால சொல்லுவாளோ?" என்றாள். "சொன்னேன்" என்றேன். அவள் கொல்லை வழியாகவே திரும்பிப் போய்விட்டாள்.

வீட்டில் இப்போது நானும் உன் ஆம்படையானும் இரண்டு பேர்தான். சாயங்காலம் ஆனால் உன் குரல் வருகிறது. துணிக்கொடி கட்டின ரேழிப் பக்கம்தான். "இன்னும் ஒலரலையே அம்மா." எட்டிப் பார்த்தால் யாருமில்லை. முந்தாநாள் நான் போட்ட சட்டைகளை யாரோ மறுபுறம் திருப்பிப் போட்டிருந்தார்கள். நீயா திருப்பினாய் என்று அவனைக் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நான் திருப்பவில்லை, அபயம். இந்தக் கை திருப்பியிருந்தால் இந்தக் கைக்குத் தெரியாதா?

பங்குனியில் உன் ஆம்படையான் மாயவரம் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தான். உயரமாகிவிட்டாளாம். தலை நிறைய மயிர், உன்னைப் போல. லீவுக்கு ஊருக்கு வாயேன் என்று கூப்பிட்டிருக்கிறான். "மாட்டேன்பா. அந்த ஊர் அம்மாவைத் தின்னுடுத்து. பாட்டியே சொன்னா" என்றாளாம்.

பாட்டியே சொன்னா. இதை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் தெரியுமா? நான் அப்படியா சொன்னேன்? அப்படித்தானோ?

அவளுக்கு என்ன சொல்லலாம் என்று எத்தனையோ யோசித்துப் பார்த்தேன். ஸ்வாமி கடலாடப் போகிற ஆராட்டு நாளில் ஊர் இருக்கிற அழகைச் சொல்லலாம். மழை விட்ட காலையில் ஆற்றங்கரை வாசனையைச் சொல்லலாம். நாக்கு நுனியில் வருகிறது. ஆனால் அம்மாவை இழந்த குழந்தையிடம் ஊருக்காக வக்காலத்து பேசுவேனா? அதைவிட நான் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

மழை நின்றதும் மாயவரம் போகிறேன். இந்த வயசில் முதல் தடவையாகத் தனியே ஊரைவிட்டு. அவன் வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை. பத்மா என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிவிடுவேன். இந்த ஊரை அவள் எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்வேன். உன்னை மாத்திரம் பலவீனமானவள் என்று அங்கேயோ இங்கேயோ எவர் சொன்னாலும் விடமாட்டேன். ஊருக்காகப் பேச இந்தத் தெருவே இருக்கிறது, அபயம். உனக்காக நான் பேசுவேன், மூச்சிருக்கிறவரை. இது சத்தியம்.

கரமனையிலிருந்து,
உன் பத்மாவின் பாட்டி